உடம்பு போட்ட சத்தம்

ஒரு மாதமாகக் கத்தி வேண்டாம், கத்தி வேண்டாம் என்று மல்லுக்கு நின்ற நல்லசிவம், போன வாரம் கடைசியில் ஆபரேஷனுக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டார். அன்றைக்கு முழுக்க அந்தக் கை அவருக்கு நமைத்துக்கொண்டே இருந்தது.

உஸ்மான் ரோட்டில் எவர்சில்வர் பாத்திரக்கடை வைத்திருப்பவர் அவர். குடத்தைச் சுண்டிப் பார்க்காமல் வாங்க மாட்டார். மனுஷனை நாலு வருஷம் பார்க்காமல் நம்ப மாட்டார். டாக்டர்களை எத்தனை வருஷம் பார்த்தாலும் நம்புவதாக இல்லை. ஆனால் மனைவி சுந்தரவல்லிக்குப் பித்தப்பையில் கல். வலி வந்தால் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு சுருண்டு படுத்துவிடுவாள். சத்தமே வராது. சத்தம் போடுகிறவளாக இருந்தால் அதட்டியாவது பார்க்கலாம். சத்தம் போடாதவளை என்ன செய்வது?

ஆகவே ஆழ்வார்பேட்டை நர்சிங் ஹோம். ஆகவே இந்தப் புதன்கிழமை.

சுந்தரவல்லியை ஆபரேஷன் அறைக்குள் தள்ளிக்கொண்டு போய்க் கதவைச் சாத்தினார்கள். வராந்தாவில் இரண்டு ஆக்சிஜன் சிலிண்டர்கள் நின்றிருந்தன. நல்லசிவம் போய் விரலை மடக்கி ஒன்றைச் சுண்டினார். அடுத்ததையும் சுண்டினார்.

"இன்னா நைனா, மத்தளமா அது?" என்றாள் தரை துடைத்துக்கொண்டிருந்த ஆயா முத்தம்மா.

"நெறைஞ்சிருக்கா காலியான்னு பாக்கேன்."

"நெறஞ்சிதான் கீது. போய் ஒக்காரு. நீ தட்டித் தட்டியே காலி பண்ணிடுவ போல."

மகள் ஜெயபாரதி பெஞ்சில் உட்கார்ந்து சிரிப்பை அடக்கிக்கொண்டாள். மயிலாப்பூரில் பெண்கள் பள்ளிக்கூடத்து டீச்சர். வீட்டில் அப்பாவுக்குப் பதில் சொல்லத் துணிந்த ஒரே ஆள் அவள்தான். அதுவும் மாதத்துக்கு ஒருமுறை.

"அப்பா, அந்த மயக்க டாக்டர் கெட்டிக்காரங்க. நேத்தே வந்து எவ்வளவு நேரம் கேட்டாங்க."

"கேக்கதுக்கு என்ன கெட்டிக்காரத்தனம் வேணும்? நம்ம கடையில சாமான் வாங்காமப் போறவளும் நூறு கேள்வி கேக்கா."

முந்தின நாள் சாயங்காலம் வந்த டாக்டர் விஜயலக்ஷ்மிக்கு முப்பது வயதுதான் இருக்கும். ஒல்லி. கட்டிலுக்குப் பக்கத்தில் முக்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, "அம்மா, தினமும் ஏதாவது மருந்து சாப்பிடறீங்களா? தூக்க மாத்திரை, வலி மாத்திரை, நாட்டு மருந்து, எதுவானாலும்?" என்று சுந்தரவல்லியைக் கேட்டாள்.

சுந்தரவல்லி வாயைத் திறந்தாள்.

"அவ கிட்ட ஏன் கேக்கிய, என்கிட்ட கேளுங்க" என்றார் நல்லசிவம். "ஒரு மருந்தும் கெடையாது. தலைவலிக்குக்கூட மிளகுப் பத்துதான். என் வீட்டுக்குள்ள எனக்குத் தெரியாம உப்புக்கல்லு வராது."

சுந்தரவல்லி வாயை மூடிக்கொண்டாள். அந்த வீட்டு வழக்கம் அது. காய்கறிக்காரன் விலை கேட்டாலும் சரி, சம்பந்தி வீட்டார் உடம்பைப் பற்றி விசாரித்தாலும் சரி, அவளுக்கும் சேர்த்து அவரே பதில் சொல்லிவிடுவார். டாக்டர் ஒரு நிமிஷம் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு எழுந்து போய்விட்டாள்.

இப்போது கதவு திறந்தது. நர்ஸ் எட்டிப் பார்த்தாள்.

"சுந்தரவல்லி வீட்டுக்காரர் யாரு? டாக்டர் கேக்கறாங்க, அம்மாவுக்குக் கழுத்துல வீக்கம், படபடப்பு, அந்த மாதிரி ஏதாவது உண்டா?"

"கெடையாது."

"தினம் சாப்பிடற மருந்து?"

"அதான் நேத்தே கெடையாதுன்னேன்லா."

கதவு சாத்திக்கொண்டது. நல்லசிவத்துக்கு முகம் சுருங்கியது. வியாபாரி ஒரே கேள்வியை இரண்டாம் தடவை கேட்டால் சரக்கில் கோளாறு என்று அர்த்தம். இது அவர் அனுபவம்.

சற்று நேரத்தில் நர்ஸ் மறுபடி வந்தாள். இந்தத் தடவை கேள்வியோடு வரவில்லை. "செருப்பைக் கழட்டிட்டு உள்கதவு வரைக்கும் வாங்க. டாக்டர் மேஜையை விட்டு வர முடியாது."

உள்கதவைப் பாதி திறந்தார்கள். பச்சைத் துணி, விளக்கு, ரப்பர் வாசனை. ஆபரேஷன் செய்யும் டாக்டர் கருணாகரன் வேலையை நிறுத்திவிட்டு, உறை போட்ட கைகளை மார்போடு சேர்த்துக்கொண்டு நின்றார். கீறின இடத்தை ஈரத்துணியால் மூடியிருந்தார்கள். தலைமாட்டில் விஜயலக்ஷ்மி. ஒரு கை சுந்தரவல்லியின் தாடையோரத்தில் நாடியைப் பிடித்திருந்தது. இன்னொரு கை கறுப்பு ரப்பர் பையை அழுத்தி அழுத்தி மூச்சுக் கொடுத்துக்கொண்டிருந்தது.

நல்லசிவம் மனைவியின் முகத்தைப் பார்த்தார். கண் மூடியிருந்தது. நெற்றி முழுக்க முத்து முத்தாக வேர்வை. மூடின கண்ணின் ஓரத்திலிருந்து தண்ணீர் காதுப் பக்கமாக இறங்கிக்கொண்டிருந்தது.

"அழுதாளே" என்றார். "முழிச்சிக்கிட்டாளா?"

"முழிக்கலை. நல்ல தூக்கம்" என்றாள் விஜயலக்ஷ்மி, திரும்பாமலே. "தூங்க ஒரு மருந்து. கை கால் அசையாம இருக்க ஒரு மருந்து. வலிக்கு ஒரு மருந்து. மூணும் கொடுத்திருக்கேன். மொத ரெண்டும் கேட்டுது. வலிக்குக் கொடுத்ததுதான் கேக்கலை. நாடி குதிரை மாதிரி ஓடறது. ரத்த அழுத்தம் ஏறிண்டே போறது. உடம்பு கத்தறது சார். வாய்தான் கத்தலை."

"எவனோ உங்க மருந்துல தண்ணி கலந்திருக்கான்."

"நானும் அதைத்தான் முதல்ல சந்தேகப்பட்டேன். வேற பெட்டி உடைச்சுப் புதுசு போட்டேன். அதுவும் கேக்கலை."

நல்லசிவத்துக்கு அவளை முதல் தடவையாகக் கொஞ்சம் பிடித்தது. சந்தேகப்படத் தெரிந்தவள்.

"இன்னும் நெறையப் போடவேண்டியதுதானே?"

"ஏன்னு தெரியாம ஊத்த முடியாது. கழுத்துச் சுரப்பி கோளாறுன்னா வைத்தியம் வேற. அதுக்குப் போய் இதை ஊத்தினா எழுந்திருக்கவே மாட்டாங்க. அபின் பழக்கம் உள்ள உடம்புன்னா சாதாரண அளவு உறைக்கவே உறைக்காது, தாராளமாத்தான் போடணும். ரெண்டுல எதுன்னு எனக்குத் தெரியணும். பார்த்தா ரெண்டாவது மாதிரிதான் தோணறது."

"அபினா? என் வீட்டிலயா?"

"நீங்க இல்லேன்னு சொன்னீங்க. அவங்க சொல்லலை."

கருணாகரன் தொண்டையைக் கனைத்தார். "இன்னும் கொஞ்ச நேரம் பார்ப்பேன். அடங்கலேன்னா தைச்சு மூடி எழுப்பிட வேண்டியதுதான். அந்தப் பை பழுத்துப் போயிருக்கு. இன்னொரு தடவை திறக்கறவரைக்கும் அது தாங்கும்னு நான் சொல்ல மாட்டேன்."

வெளியே வந்த நல்லசிவம் பெஞ்சில் உட்காரவில்லை. "அபினாம்" என்றார் மகளிடம். "உங்கம்மா அபின் திங்காளாம். கேட்டியா கூத்தை."

ஜெயபாரதி சிரிக்கவில்லை.

"அப்பா. வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை அம்மாவும் நானும் கபாலி கோயிலுக்குப் போறோம் இல்ல?"

"அதுக்கென்ன?"

"குளத்துப் படிக்கிட்ட தங்கவேலு மாமா வருவாரு."

நல்லசிவம் அவளையே பார்த்தார். தங்கவேல் சுந்தரவல்லியின் தம்பி. இவர் கடையில்தான் கல்லாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். மதுவிலக்கை எடுத்துச் சாராயக்கடை திறந்த வருஷம், ஒரு வெள்ளிக்கிழமை, லக்ஷ்மி படத்துக்கு விளக்கேற்றும் நேரத்தில் நிலை தடுமாறிக் கடைக்குள் வந்தான். வாடிக்கைக்காரர்கள் எதிரிலேயே கழுத்தைப் பிடித்துத் தெருவில் விட்டார். "இனி உன் மூஞ்சியில முழிச்சா நான் நல்லசிவம் இல்ல" என்றார். அரசாங்கம் அந்தக் கடைகளைத் திரும்ப மூடியும் விட்டது. நல்லசிவத்தின் கதவு மட்டும் திறக்கவில்லை.

"வந்து?"

"அம்மா கையில ஒரு பேப்பர் மடிப்பு கொடுப்பாரு. நான் திருநீறுன்னு நினைச்சேன்."

"திருநீறு கோயிலுக்குள்ள கொடுப்பான். குளத்துப் படியிலயா கொடுப்பான்?" பாத்திரத்தில் விரிசலைக் கண்டுபிடித்தவர்போல அவர் முகம் இறுகியது. "அந்தப் பய இப்ப எங்க இருக்கான்?"

"வாசல்ல" என்றாள் மகள். "நான்தான் சொன்னேன் இன்னைக்கு ஆபரேஷன்னு. அக்காவுக்கு நல்லபடியா ஆகிற வரைக்கும் நிக்கறேன்னாரு."

"காலையிலேர்ந்து டாக்ஸியப் போட்டுகினு நிக்கிறாரே, அவரா?" என்றாள் முத்தம்மா, வாளியைத் தூக்கிக்கொண்டே. "டீ கூட குடிக்காம நின்னுகினு கீறாரு பாவம்."

"போய்க் கேளு" என்றார் நல்லசிவம். ஜெயபாரதி ஓடினாள். போன வேகத்திலேயே திரும்பி வந்தாள்.

"சொல்ல மாட்டேங்கிறாரு. யாருகிட்டயும் சொல்றதில்லைன்னு அம்மா தலையில அடிச்சு சத்தியம் பண்ணியிருக்காராம். சொன்னா அம்மாவுக்கு ஆகாதாம். கண்ணெல்லாம் கலங்கி நிக்கிறாரு, வாய் மட்டும் திறக்க மாட்டேங்கிறாரு."

நல்லசிவம் செருப்பைக்கூட மாட்டவில்லை. வெறுங்காலோடு சரளைக்கல்லில் இறங்கி நடந்தார். அவர் செய்த சபதமும் கூடவே வந்தது. கேட்டுக்குப் பக்கத்தில் அது நின்றுகொண்டது. அவர் நிற்கவில்லை.

மஞ்சள் கூரை டாக்ஸியில் சாய்ந்து நின்ற தங்கவேல் நிமிர்ந்தான். தலை நரைக்கத் தொடங்கியிருந்தது. "உள்ள வரலை அத்தான். ரோட்டுலதான் நிக்கேன். இது கார்ப்பரேஷன் இடம்."

"வாயை மூடுலே. என்ன கொடுத்த அவளுக்கு?"

"நான் ஒண்ணும் கொடுக்கலை."

"பின்ன குளத்துப் படியில என்ன, மீனுக்குப் பொரியா?"

தங்கவேல் தலையைக் குனிந்துகொண்டான். "அவ தலையில அடிச்சுச் சொல்லியிருக்கேன் அத்தான். தப்பினா அவளுக்குத்தான் வந்து விடியும். இன்னைக்குப் பார்த்து எப்படித் தப்பச் சொல்லுதிய? அதோட, சொன்னா என்னைப் போலீஸ்ல கொடுத்துருவிய. கொடுக்கிற ஆளுதான் நீங்க."

"உள்ள அவ கண்ணுலேர்ந்து தண்ணியா ஊத்துது" என்றார் நல்லசிவம். "தூங்கிக்கிட்டே அழுதா. பார்த்துட்டு வாரேன். சொன்னா ஆகாதுங்கியே, சொல்லாட்டி மட்டும் ஆகுமா?"

தங்கவேல் மாட்டேன் என்று தலையை ஆட்டினான்.

நல்லசிவம் சட்டென்று அவன் வலது கையைப் பிடித்தார். அடிக்கப்போகிறார் என்று அவன் நினைத்தான். அவர் குனிந்து, அந்தக் கையைத் தன் வழுக்கைத் தலையின்மேல் வைத்து அழுத்திக்கொண்டார். எதிர்க்கடையில் சோடா குடித்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் பார்த்தார்கள்.

"அவ தலையில வெச்ச சத்தியத்தை எடுத்து இங்க வெச்சாச்சு. வாரது என் தலைக்கு வரட்டும். இப்ப சொல்லு."

தங்கவேலுக்கு அழுகை வந்துவிட்டது. "அபின்தான் அத்தான்."

"எங்கிட்ட என்னத்துக்குச் சொல்லுத? உள்ள வந்து அந்த டாக்டர் பிள்ளைகிட்டச் சொல்லு." கையை விடாமலே இழுத்துக்கொண்டு நடந்தார்.

உள்கதவு மறுபடி பாதி திறந்தது. விஜயலக்ஷ்மி நின்ற இடத்திலேயே நின்றாள், நாடியில் வைத்த கையும் வைத்தபடி.

"அபின்தாம்மா" என்றான் தங்கவேல். "அபின் வாங்க சர்க்கார் பர்மிட் வெச்சிருக்கிற ஒரு பெரியவர்கிட்ட வாங்குவேன். அக்கா வெத்தலையில வெச்சுப் போட்டுக்கும்."

"தினமுமா? எவ்வளவு?"

"தினம்தான். மொத மொத கடுகு அளவு. அப்புறம் மிளகு. இப்பக் கொஞ்ச காலமா சுண்டைக்காய்."

"கடைசியா எப்போ?"

"போன வெள்ளிக்கிழமை கொடுத்ததே குறைச்சல்தான், பெரியவர் ஊர்ல இல்ல. முந்தாநாளே தீர்ந்திருக்கும்."

"நிறுத்தி ரெண்டு நாள்" என்றாள் விஜயலக்ஷ்மி, தனக்குத்தானே. "உடம்பு அதுக்கும் சேர்த்துத்தான் கத்தறது." அவள் குரலில் ஒரு தெளிவு வந்தது. பூட்டுக்குச் சாவி பொருந்தினால் கைக்குத் தெரியுமே, அந்தத் தெளிவு. "சிஸ்டர், மார்ஃபியா எடுங்க. இன்னும் ரெண்டு ஆம்பூல் பக்கத்துல வையுங்க. ஒரே மூச்சுல வேண்டாம், நான் சொல்லச் சொல்ல."

நல்லசிவத்தை யாரும் போகச் சொல்லவில்லை. அவரும் போகவில்லை. ஊசி கொஞ்சம் இறங்கும். அவள் நாடியைப் பார்ப்பாள். அழுத்தம் எவ்வளவு என்று கேட்பாள். இன்னும் கொஞ்சம் இறங்கும். அவசரமே இல்லை. காய்ச்சிய பாலில் மோர் விடுகிறவள்கூட அவ்வளவு பார்த்துப் பார்த்து விடமாட்டாள்.

"நாடி நூத்தி நாப்பதுலேர்ந்து நூத்திப் பத்து" என்றாள். பிறகு, "தொண்ணூத்தி ஆறு." பிறகு எண் எதுவும் சொல்லாமல் ஒரு துணியை எடுத்துச் சுந்தரவல்லியின் நெற்றியைத் துடைத்தாள். கண் ஓரத்தைத் துடைத்தாள். திரும்ப வேர்க்கிறதா என்று பார்த்தாள். வேர்க்கவில்லை.

"சார், ஆரம்பிக்கலாம்."

கருணாகரன் ஈரத்துணியை விலக்கினார். கதவைச் சாத்திவிட்டார்கள்.

மத்தியானம் தாண்டிக் கல் வந்தது. மூன்று. கண்ணாடிக் குப்பியில் போட்டுக் கொடுத்தார்கள். நல்லசிவம் குப்பியைக் காதருகே வைத்து ஆட்டிப் பார்த்தார். ஜெயபாரதி வாங்கிப் பைக்குள் வைத்தாள்.

சுந்தரவல்லியை அறைக்குக் கொண்டுவந்தார்கள். விஜயலக்ஷ்மி முக்காலியை இழுத்துப் போட்டு அவள் பக்கத்திலேயே உட்கார்ந்தாள். மார்பு ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"நீங்க சாப்பிடப் போகலியா?" என்றார் நல்லசிவம்.

"இவ்வளவு மருந்து உள்ள போயிருக்கு. மூச்சு மந்தமாகலாம். கொடுத்தவதான் காவல் இருக்கணும்."

சிலிண்டரைச் சுண்டிப் பார்த்த மனுஷர் இவளைச் சுண்டிப் பார்க்க வேண்டும் என்று நினைக்கவில்லை. பையிலிருந்து வீட்டு ஃபிளாஸ்கை எடுத்து, காப்பியை ஊற்றி நீட்டினார். வேறு யாருக்கும் அவர் அதிலிருந்து கொடுத்ததில்லை.

"போலீஸுக்கு ஏதும்?" என்று வாசற்படியில் நின்ற தங்கவேல் இழுத்தான்.

"எனக்கு அந்த வேலை கிடையாது. எனக்குக் கணக்குத்தான் வேணும். வீட்டுக்குப் போனப்புறம் இதைக் கொஞ்சம் கொஞ்சமாக் குறைச்சு விடணும். ஒரேயடியா நிறுத்தினா திண்டாடிப் போயிடுவாங்க. எப்போ ஆரம்பிச்சாங்க?"

"கல்லு வலிக்குத்தான் ஆரம்பிச்சிருப்பா" என்றார் நல்லசிவம். "ரெண்டு தீவாளிக்கு முந்தி."

"இல்ல அத்தான்" என்றான் தங்கவேல்.

"என்னலே இல்ல?"

"அக்கா மொத மொத என்கிட்ட கேட்டது நம்ம வீட்டு மாடி கட்டின வருஷம். அப்ப நான் கடையிலதான் இருந்தேன். கல்லாவது ஒண்ணாவது."

டாக்டர் நல்லசிவத்தைப் பார்த்தாள். "அப்போ என்ன வலி?"

நல்லசிவத்திடம் எந்தக் கேள்விக்கும் பதில் இருக்கும். மாடி கட்டின வருஷம் அவருடைய நல்ல வருஷம். அந்த வருஷத்தில் தன் வீட்டில் எவருக்கும் ஒரு தும்மல்கூட வந்ததில்லை என்று ஊருக்கே சொல்லியிருக்கிறார்.

கட்டிலில் அசைவு தெரிந்தது. சுந்தரவல்லி கண்ணைத் திறந்தாள். முதலில் மேலே சுற்றும் மின்விசிறியைப் பார்த்தாள். பிறகு வாசற்படியில் தம்பியைப் பார்த்தாள். அவனுக்கு முன்னால் புருஷன் நிற்பதையும், இரண்டு பேரும் ஒரே அறையில் நிற்பதையும் பார்த்தாள். விஷயம் வெளியே வந்துவிட்டது என்று புரிந்துகொள்ள அவளுக்கு அது போதுமாக இருந்தது.

"அம்மா, வலி இருக்கா?" என்றாள் விஜயலக்ஷ்மி, குனிந்து.

நல்லசிவம் வழக்கப்படி வாயைத் திறந்தார். திறந்தது அவருக்கே தெரிந்தது. மூடிக்கொண்டார்.

"இப்ப இல்ல" என்றாள் சுந்தரவல்லி. நாக்கு குழறியது.

"முன்னாடி? ரொம்ப வருஷத்துக்கு முன்னாடி, இதைச் சாப்பிட ஆரம்பிச்சப்போ? என்ன வலி, எங்க வலின்னு தெரிஞ்சாத்தான் நான் சரியா மருந்து குறைக்க முடியும்."

சுந்தரவல்லி தலையைத் திருப்பிப் புருஷனைப் பார்த்தாள். பிறகு டாக்டரின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"சொல்லுதேன்" என்றாள். "இவியளைக் கொஞ்சம் வெளிய இருக்கச் சொல்லுங்க."

அறையில் இருந்த எல்லாரும் நல்லசிவத்தைப் பார்த்தார்கள். ஜெயபாரதி எழுந்து அவர் பக்கத்தில் வந்து நின்றாள், எதற்கும் இருக்கட்டும் என்று.

நல்லசிவம் ஃபிளாஸ்கை மூடிப் பைக்குள் வைத்தார். காப்பி டம்ளரை டாக்டரிடமிருந்து வாங்கிக்கொண்டார். வெளியே போய்க் கதவைத் தன் கையாலேயே சாத்தினார். கடையில் இரண்டு பேர் ரகசியம் பேசினால் தூணுக்குப் பின்னால் நின்று கேட்கிற மனுஷர், கதவைவிட்டு விலகி, வராந்தாவின் அந்தக் கோடிக்குப் போய் நின்றார்.

மாடி கட்டின வருஷம். அஸ்திவாரத்திலிருந்து நினைத்துப் பார்த்தார். செங்கல் எந்தச் சூளையிலிருந்து வந்தது என்று நினைவிருந்தது. சிமெண்ட் பர்மிட்டுக்கு யார் யார் வாசலில் நின்றார் என்று நினைவிருந்தது. ஜன்னல் கம்பி ஒன்று கோணலாக வந்து கொல்லனோடு சண்டை போட்டதுகூட நினைவிருந்தது. அந்த வருஷம் முழுக்கச் சுந்தரவல்லியும் அதே வீட்டில்தான் இருந்திருக்கிறாள்.

அவள் முகம் எப்படி இருந்தது என்று எவ்வளவு யோசித்தும் அவருக்கு நினைவுக்கு வரவில்லை.